வன்னியில் ஒரு திசைகாட்டி: ஊசி, நிழல், படகு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் புவியின் காந்தப்புலம் கிட்டத்தட்ட நிலத்தோடு படுத்துக் கிடக்கிறது. புலம் முற்றாகக் கிடையாக நிற்கும் காந்த மத்திய கோடு வன்னிக்குத் தெற்கே, அதிகம் தள்ளாமல் ஓடுவதுதான் காரணம். 1960களின் தொடக்கத்தில் கேரளத்துத் தும்பாவை ராக்கெட் ஏவுதளத்துக்குத் தெரிந்தெடுக்க வைத்ததும் இதே கோடுதான். இங்கே புலத்தின் வலு ஏறத்தாழ 40 மைக்ரோ தெஸ்லா. லண்டனில் அது 49 அளவுக்குப் போகும். ஆனால் அங்கே புலம் 66 பாகை சரிந்து நிலத்துக்குள் இறங்குவதால், கிடையாக நின்று ஊசியைத் திருப்ப மிஞ்சுவது 20 மட்டும். வன்னியில் 40 உம் கிட்டத்தட்ட அப்படியே ஊசிக்குக் கிடைக்கிறது. திசைகாட்டிக்கு இது மிக நல்ல இடம். அப்படியிருந்தும் இங்கே அதை நம்புபவர்கள் குறைவு. ஊசியில் குறையில்லை, ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பையும் மின்கம்பியையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கணக்கை எடுக்கும் வேலைகள்தான் இனி வருபவை.

வெளிநாட்டிலிருந்து வந்த ஊசி

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த நல்ல திசைகாட்டி இங்கே மட்டமாகப் பிடித்தாலும் தட்டில் உரசி நிற்கும். உடைந்ததென்று மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள். உடையவில்லை. அந்த நாடுகளில் வடக்குக் காட்டும் முனை கீழே இழுபடும். அதைச் சமன்செய்யத் தெற்கு முனையில் சிறு பாரம் வைத்துத்தான் ஊசியைச் செய்கிறார்கள். இங்கே கீழ்நோக்கிய இழுவை இல்லாததால் அந்தப் பாரம் தெற்கு முனையைத் தாழ்த்திவிடுகிறது. ஊசியில் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் தெரிந்தால், கண்ணாடியைக் கழற்றி அதை நடுவை நோக்கி ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றராக நகர்த்திப் பார்க்கலாம். சுருள் இல்லாமல் பாரம் ஒட்டியிருந்தால், வடக்கு முனையில் நகப்பூச்சு ஒரு துளி வைத்துக் காயவிட்டு, மட்டம் வரும்வரை கூட்டலாம். திரவம் நிரப்பி மூடிய வகையைத் திறக்காதீர்கள். மறுபக்கம் சற்றுச் சரித்துப் பிடித்தால் அது வாசிக்கும்.

ஊசி தலைகீழாகக் காட்டுவது, அதாவது வடக்கு முனை தெற்கே நிற்பது, இன்னொரு வழமையான குறை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அல்லது காந்த மூடியுள்ள கைப்பேசி உறையோடு சேர்த்து ஒரே பையில் வைத்தால் இது நடக்கும். மலிவு ஊசியின் காந்தம் வலுக் குறைந்தது. வலுவான காந்தம் கிட்ட வந்தால் அதன் துருவங்கள் மாறிவிடும். கீழே சொல்லும் முறையில் திரும்ப உரசினால் சரி.

ஊசி செய்தல்

இரும்பு ஆணி வேண்டாம். மென்மையான இரும்பு காந்தத்தை உடனே ஏற்கும், உடனே விடும். கடினமான உருக்கு வேண்டும்: 5 சென்ரிமீற்றர் தையல் ஊசி, அல்லது இரும்பு வெட்டும் வாளின் அலகில் உடைத்த 6 சென்ரிமீற்றர்த் துண்டு. அலகை வைஸில் பிடித்துத் துணியால் மூடித் தட்டினால் உடையும். கண்ணுக்குக் காப்பு போடுங்கள். விளிம்பைத் தேய்க்கும்போது நீலம் பாயுமளவுக்குச் சூடேற்ற வேண்டாம். சூடு உருக்கை இளக்கினால் அது காந்தத்தைப் பிடித்துவைக்கும் குணமும் குறைந்துவிடும்.

உரசுவதற்கு எரிந்துபோன ஸ்பீக்கரின் வளையக் காந்தம் போதும். அது ஃபெரைற்று, கறுப்பு நிறம், ஓடு மாதிரி உடையும். இரும்புத் தட்டோடு ஒட்டியிருக்கும் பசையைக் கொதிநீரில் நன்றாக ஊறவிட்டு, மெல்லிய தகட்டால் சுற்றிவரக் கிளப்ப வேண்டும். ஸ்குறூ டிறைவரை ஒரே இடத்தில் நெம்பினால் இரண்டாகும். இரண்டானாலும் நட்டமில்லை, இரண்டும் காந்தம்தான்.

பழைய சைக்கிள் டைனமோவை இதற்காக உடைப்பதை ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டோம். 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி வானொலி கேட்க வைத்தது அந்தச் சாமான்தான். 6 வோல்ற்று, 3 வாற்று. வெளியே வருவது ஆடலோட்டம். வானொலிக்குக் கொடுக்க 1என்4007 டயோட்டு நான்கும், 25 வோல்ற்று தாங்கும் 1000 மைக்ரோ பரட்டுக் கொள்ளளவியும் போதும். பழைய டைனமோக்களின் உள்ளே சுழலும் காந்தம் அல்னிக்கோவாக (அலுமினியம், நிக்கல், கோபால்ற்று கலந்த உலோகம்) இருக்கும், உலோகப் பளபளப்போடு. அதைச் சுற்றியுள்ள இரும்பு விரல்களிலிருந்து அப்படியே உருவி எடுத்தால், புலம் செல்ல இரும்பு வழியில்லாமல் காந்தம் தன்னைத்தானே நலித்துக்கொள்ளும். திரும்பப் போட்டாலும் பழைய வலு வராது. 'திறந்து துப்புரவு செய்தோம், அதன்பிறகு வெளிச்சம் மங்கிவிட்டது' என்ற முறைப்பாட்டின் காரணம் இதுதான். திறந்தே ஆகவேண்டுமென்றால், காந்தம் வெளிவரும்போதே அதன் மேல் இறுக்கமான இரும்புக் குழாய்த் துண்டொன்றைக் கொளுவிவிட வேண்டும். ஆனால் திறப்பதற்கு முன் வேறு மூன்றைப் பாருங்கள்: சைக்கிள் சட்டத்தோடு டைனமோ தொடும் இடத்தில் துரு (மின்னோட்டம் திரும்பி வருவது சட்டத்தின் வழியாக), ரயரில் உருளை வழுக்குவது, தண்டில் எண்ணெய் வற்றியிருப்பது. மங்கல் வெளிச்சம் பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

இனி உரசல். ஊசியை மேசையில் ஒட்டுநாடாவால் பிடித்துவிட்டு, காந்தத்தின் ஒரு முகத்தை ஊசியின் நடுவில் வைத்து ஒரு நுனி வரை இழுத்து, நுனியைத் தாண்டியதும் காந்தத்தை உயரத் தூக்கி, வளைவாகத் திரும்பக் கொண்டுவந்து மறுபடி நடுவில் வைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் செய்ததெல்லாம் அழிந்துபோகும். 30, 40 தடவை போதும். அதற்கு மேல் உருக்கு நிரம்பிவிடும். பிறகு மற்றப் பாதியைக் காந்தத்தின் மறுமுகத்தால், நடுவிலிருந்து மறுநுனிக்கு. இழுவை முடியும் நுனி, உரசிய துருவத்துக்கு எதிரான துருவமாகும்: தென் துருவத்தால் இழுத்த நுனி வடக்குக் காட்டும். எந்த முகம் தென் துருவம் என்று தெரியாவிட்டால், சரியான திசைகாட்டியை அரை மீற்றர் தூரத்தில் வைத்துப் பாருங்கள். அதன் வடக்கு முனையை இழுக்கும் முகம் அதுதான். கிட்டக் கொண்டுபோகாதீர்கள், மேலே சொன்ன தலைகீழ் வியாதி அதற்கும் வரும்.

வலுவைச் சோதிக்க ஊசியை நடுவில் கட்டித் தொங்கவிட்டு, சற்றுத் திருப்பிவிட்டு ஆடவிடுங்கள். ஆட்டம் எவ்வளவு விரைவோ அவ்வளவு வலு. மந்தமாக ஆடினால் திரும்ப உரசுங்கள். இதற்குப் பருத்தித் தையல் நூல் கூடாது. அதன் முறுக்கு அவிழும்போது ஊசியையும் சேர்த்துத் திருப்பும். பட்டுச் சேலைக் கரையிலிருந்து உருவிய ஒற்றை இழை நல்லது.

சிரட்டைக் கிண்ணம்

முதல் வாசிப்புக்குத் தண்ணீரில் மிதக்கவிடுவதே சுகம். பெரிய சிரட்டையொன்றை மணலில் மட்டமாகப் பதித்து, தண்ணீர் ஊற்றி, றெஜிபோமில் வெட்டிய 2 சென்ரிமீற்றர் வட்டத்தின் மேல் ஊசியைப் படுக்கவைத்து மிதக்கவிடுங்கள். மிதவை ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொள்வதுதான் எல்லோருக்கும் வரும் தொல்லை. காந்தப்புலம் ஊசியைத் திருப்பும், ஆனால் வடக்கே இழுத்துக்கொண்டு போகாது. ஓரத்துக்கு இழுப்பது தண்ணீரின் மேற்பரப்பு. கிண்ணத்தை விளிம்புக்கு மேல் தண்ணீர் சற்று வீங்கி நிற்கும் அளவுக்கு நிரப்பினால் நனைந்த மிதவை நடுவிலேயே நிற்கும். சிரட்டையின் விளிம்பை அரத்தால் மட்டமாக்காவிட்டால் இது சரிவராது.

நிரந்தரமாக வேண்டுமானால் கூர்முனையில் நிறுத்துங்கள். சட்டைக்குத் தைக்கும் அமுக்குப் பொத்தானின் குழிப் பாதியை அலகுத் துண்டின் நடுவில் ஒட்டி, பித்தளைக் குண்டூசியைச் செங்குத்தாக நிறுத்தி அதன் மேல் வைக்கலாம். ஆட்டத்தை அடக்க மூடிய போத்தலில் எண்ணெய் நிரப்புபவர்கள் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும். 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழி, தை விடியற்காலையில் ஊசி எண்ணெய்க்குள் இறுகி நிற்கும். குழந்தைகளுக்குப் பூசும் தெளிந்த திரவ பரபின் எண்ணெய் நல்லது.

இடம் பார்ப்பது

வன்னி நிலத்தில் இந்தப் படியைத் தாண்டக்கூடாது. திசைகாட்டியை இடுப்பளவு உயரத்தில் பிடித்து, தூரத்துப் பனையொன்றைக் குறியாக வைத்து, அந்தக் குறியை நோக்கியே 10 மீற்றர் நடவுங்கள். குறியின் பாகை மாறாமல் இருந்தால் இடம் சுத்தம். ஒரே அடியில் 5, 10 பாகை துள்ளினால் கீழே இரும்பு இருக்கிறது: உழவு இயந்திரத்தின் உடைந்த கொழு, கிணற்றுக் கட்டுக் கம்பி, தகரம், அல்லது போர் விட்டுச்சென்ற உலோகம். கடைசியாகச் சொன்னதைத் தோண்டிப் பார்க்கும் வேலை உங்களுடையதல்ல. மிதிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்தில் மட்டுமல்ல, பலகை இல்லாத காட்டோரத்திலும் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இரும்பு தேட வேண்டாம். குளத்துக்குள்ளும் வேண்டாம். சந்தேகமான ஒன்றைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும். வேண்டிய காந்தமும் இரும்பும் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும்.

செங்கல்லும் ஊசியைச் சற்று அசைக்கும். மண்ணிலுள்ள இரும்பு ஒட்சைட்டு சூளையில் சூடேறி, பிறகு 580 பாகைக்குக் கீழே ஆறும்போது அன்றைய புவிக்காந்தத்தின் திசையைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். நன்கு வெந்த கல்லொன்றை மிதக்கும் ஊசிக்கு ஒட்டினாற்போல வைத்துச் சுழற்றினால் ஊசி இலேசாக ஆடுவதைக் காணலாம். பழைய சூளைகளின் களிமண்ணை அளந்து அக்காலக் காந்தத் திசையை அறியும் ஆய்வுகள் இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கின்றன. எங்கள் வேலைக்கு இதன் பொருள்: திசைகாட்டியைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்து வாசிக்காதீர்கள்.

நிழலோடு ஒப்பிடுதல்

வன்னியில் ஊசி உண்மையான வடக்கிலிருந்து ஏறத்தாழ 2 பாகை மேற்கே நிற்கும். 2 மீற்றர் நீளக் கோட்டின் நுனியில் இது 7 சென்ரிமீற்றர். 10 மீற்றர்ச் சுவரில் 35 சென்ரிமீற்றர். அத்திவாரம் போடும் மேசனுக்கு இது கண்ணில் படும் பிழை. கடலில் 20 கிலோமீற்றர் போனால் 700 மீற்றர்.

சரிபார்க்கப் பழைய சங்கு (நிழல் தடி) முறையைவிட நல்ல வழி இல்லை. மட்டமான, மெழுகிய நிலத்தில் 50 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு நேர்த்தடியைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்துங்கள். தடியை மையமாக வைத்து 50 சென்ரிமீற்றர் ஆரத்தில் வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் புள்ளியையும், பின்னேரம் வட்டத்தைத் தொட்டு வெளியே போகும் புள்ளியையும் குறித்து இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. காலைப் புள்ளி மேற்கு. சித்திரையில் இந்தத் தொடுகை 9 மணியை ஒட்டியும் 3 மணியை ஒட்டியும் நடக்கும்; மார்கழியில் சூரியன் தாழ்ந்து நிற்பதால் 10 மணி, 2.15 போல. நிழல் நுனி மங்கலாக இருந்தால், தடியின் தலையில் கடதாசி மட்டையை மாட்டி அதில் ஆணித் துளை போடுங்கள். நிலத்தில் விழும் ஒளிப்பொட்டின் நடு தெளிவாக இருக்கும். அப்போது தடியின் உயரத்தைத் துளை வரை அளக்க வேண்டும். துளையும் தடியின் அடிக்கு நேர்மேலே இருக்க வேண்டும்.

'நண்பகல் நிழல் வடக்கே விழும்' என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து ஒரே நிழலில் வேலையை முடிக்கப் பார்ப்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் முல்லைத்தீவில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழலே இருக்காது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். கடிகாரத்தில் 12 மணி நண்பகலுமல்ல. எங்கள் நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது, முல்லைத்தீவு 80.8 பாகையில் இருக்கிறது. அதனால் 7 நிமிடம் பிந்தும். அதோடு பெப்ரவரியில் 14 நிமிடம் பின்னும் நவம்பரில் 16 நிமிடம் முன்னும் போகும். இரு நிழல் முறைக்கு இந்தத் தலையிடி ஒன்றுமில்லை.

கோடு போட்டபின், அதற்குச் செங்கோணமாக 2 மீற்றர் வடக்குக் கோடு இழுத்து, ஊசியை மையத்தில் வைத்துப் பாருங்கள். ஊசியின் திசையில் கட்டிய நூல், 2 மீற்றர் நுனியில் 7 சென்ரிமீற்றர் மேற்கே விழுந்தால் எல்லாம் சரி. 15, 20 சென்ரிமீற்றர் தள்ளினால் இடத்தையோ உங்கள் இடுப்புப் பட்டியையோ சந்தேகியுங்கள்.

புலத்தை அளக்கும் சுருள்

கைப்பேசிக்குள் காந்தமானி இருக்கிறது, செயலியொன்றை இறக்கினால் மைக்ரோ தெஸ்லாவில் காட்டும். காற்றில் 8 போட்டுச் சுழற்றிச் சீராக்கியபின் திறந்த வெளியில் 40ஐ ஒட்டி வரவேண்டும். அந்த எண்ணைக் கைப்பேசியை நம்பாமல் நீங்களே எடுக்கலாம்.

160 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயில் 4 சென்ரிமீற்றர் வளையம் வெட்டி, 0.4 மில்லிமீற்றர் பூச்சுச் செப்புக் கம்பியை 25 சுற்று வீதம் இரண்டு அடுக்காக, மொத்தம் 50 சுற்றுச் சுற்றுங்கள். 25 மீற்றருக்குச் சற்று அதிகமான கம்பி போகும். தடை 3½ ஓம் அளவு. 22 ஓம் 1 வாற்றுத் தடை, 100 ஓம் மாறும் தடை, மல்ற்றிமீற்றர், இரண்டு பெரிய ரோர்ச் பற்றரி எல்லாம் தொடராக. வளையத்தை நிறுத்தி, நடுவில் மரத்துண்டின் மேல் சிறு திசைகாட்டியை வையுங்கள். ஊசி 3 சென்ரிமீற்றருக்குக் கூடாமல் இருக்கட்டும். மின்னோட்டம் இல்லாதபோது ஊசி வளையத்தின் தளத்திலேயே, வடக்குத் தெற்காக நிற்கும்படி வளையத்தைத் திருப்புங்கள். இப்போது மின்னோட்டம் கொடுத்தால் சுருளின் புலம் கிழக்கு மேற்காக எழும்பும். ஊசி 45 பாகை திரும்பும் இடத்தில் சுருளின் புலமும் புவியின் புலமும் சமம். அங்கே மில்லி அம்பியரை வாசித்து 0.39 ஆல் பெருக்கினால் மைக்ரோ தெஸ்லா. வன்னியில் 100 மில்லி அம்பியரை ஒட்டியே 45 வரும். பற்றரியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் 45க்கும் வாசித்துச் சராசரி எடுங்கள். இரண்டு வாசிப்பும் 5 மில்லி அம்பியருக்கு மேல் வேறுபட்டால் வளையம் சரியான தளத்தில் நிற்கவில்லை. பற்றரிகளையும் மீற்றரையும் ஒரு மீற்றராவது தள்ளி வைத்து, இரண்டு வயரையும் முறுக்கிக் கொண்டுவாருங்கள். பற்றரியின் கூடு இரும்பு.

இதைச் செய்துவிட்டு அதே வளையத்தைக் கொங்கிறீற் தூணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். கம்பி கட்டிய தூணோரம் எண் எங்கெங்கோ போகும். தகரக் கூரையும் இரும்புதான், நாகம் பூசியது. அலுமினியக் கூரை ஊசியைத் தொடாது.

படகில்

கண்ணாடியிழைப் படகின் உடம்பில் இரும்பு இல்லை, அது பெரிய வாய்ப்பு. ஆனால் ஓட்டுபவர் இருப்பது பின்பக்கம், எஞ்சின் கைபிடியோடு. எஞ்சினின் பறக்கும் சில்லுக்குள் காந்தங்கள் இருக்கின்றன. திசைகாட்டியை அவர் கைக்கெட்டும் இடத்தில் பூட்ட வேண்டுமென்ற ஆசையை விட்டுவிடுங்கள். எஞ்சினிலிருந்து 2 மீற்றர் முன்னே, நடுப் பலகையில், மரத்தட்டின் மேல், பித்தளைத் திருகாணியால், படகின் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக. நங்கூரம் எப்போதும் அணியத்திலேயே (படகின் முன்பக்கம்) ஒரே இடத்தில் கிடக்கட்டும். ஈயக் குண்டுகளால் தொல்லையில்லை. கத்தி, ரோர்ச், கைப்பேசி அரை மீற்றர் தள்ளி. ஸ்பீக்கர் உள்ள வானொலி ஒரு மீற்றர். துருப்பிடிக்காத உருக்கில் சில வகை காந்தத்துக்கு ஒட்டும், சில ஒட்டாது; சிறு காந்தத்தால் தொட்டுப் பார்த்தபின்பே பூட்டுங்கள்.

பகலில் சரியாகக் காட்டி இரவில் பிழைக்கும் திசைகாட்டிக்குப் பேய் ஒன்றும் பிடிக்கவில்லை, விளக்கு வயர்தான். 5 அம்பியர் ஓடும் ஒற்றை வயர் 10 சென்ரிமீற்றர் தூரத்தில் 10 மைக்ரோ தெஸ்லா உண்டாக்கும். எங்கள் புலமே 40 என்பதால் இது 14 பாகை வரை ஊசியைத் திருப்பும். 14 பாகை பிழையோடு 20 கிலோமீற்றர் ஓடினால் 5 கிலோமீற்றர் தள்ளிப் போய்ச் சேர்வீர்கள். போகும் வயரையும் வரும் வயரையும் ஒன்றாக முறுக்கினால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழிக்கும். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு ஊசியைப் பார்த்தாலே தெரியும்.

கூட்டுக்குள் காற்றுக் குமிழி வந்த திசைகாட்டியை எறிய வேண்டாம். பக்கத்துத் திருகாணியைக் கழற்றி, உள்ளிருப்பதில் ஒரு துளியை ஊசிக்குழாயில் எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். கரைந்தால் மதுசாரக் கலவை, மிதந்தால் எண்ணெய் வகை. எது இருந்ததோ அதையே நிரப்ப வேண்டும். மாற்றி ஊற்றினால் தட்டின் எழுத்து கரையும். பெற்றோலோ தின்னரோ பட்டால் மேல் குமிழில் வெடிப்பு விழும். நிரப்பியபின் துளை மேலே வரச் சில மணிநேரம் வைத்து, மேலெழும் குமிழியை வெளியேற்றி மறுபடி நிரப்பி மூடுங்கள். றப்பர் வளையம் காய்ந்திருந்தால் அதையும் மாற்றாமல் மூடுவது வீண் வேலை.

பூட்டியபின் விலகலை, அதாவது படகிலுள்ள இரும்பாலும் காந்தத்தாலும் ஊசி எத்தனை பாகை பிழைக்கிறது என்பதை, எடுக்க வேண்டும். காற்று எழும்பாத காலையில், நந்திக்கடல் போன்ற அமைதியான நீரில். ஒருவர் கைத்திசைகாட்டியோடு அணியத்தில் நிற்க, படகை மெதுவாகச் சுற்றுங்கள். 3 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கைப்பேசிக் கோபுரத்தை அவர் பார்த்துக்கொண்டிருக்க, படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபுரத்தின் பாகை மாறக்கூடாது. மாறினால் அவர் நிற்கும் இடம் சுத்தமில்லை, நங்கூரத்தை விட்டுத் தள்ளி நிற்கட்டும். மாறாத இடம் கிடைத்ததும், நடுக்கோட்டு வழியாக முன்னே பார்த்துப் படகின் திசையை அவர் சொல்லச் சொல்ல, பூட்டிய திசைகாட்டி காட்டுவதை மற்றவர் எழுத வேண்டும். 45 பாகைக்கு ஒன்றாக எட்டுத் திசை.

வேறுபாடு 5 பாகைக்குள் என்றால் அட்டையில் எழுதிவிட்டு விடலாம். கூடினால் இரண்டு சிறு காந்தத் துண்டு வேண்டும். படகை வடக்கே நிறுத்தி, ஒரு துண்டைப் படகுக்குக் குறுக்காக, திசைகாட்டிக்குக் கீழே கிட்டவும் தூரவும் நகர்த்தி, சரியாக வடக்கைக் காட்டும் இடத்தில் ஒட்டுங்கள். கிழக்கே நிறுத்தி, மற்றத் துண்டை நீளவாக்கில் வைத்து அதே வேலை. பிறகு தெற்கே நிறுத்தி, அங்கே மிஞ்சியிருக்கும் பிழையில் பாதியை மட்டும் குறுக்குத் துண்டை நகர்த்தி நீக்குங்கள். மேற்கிலும் பாதி, நீளவாக்குத் துண்டால். முழுவதையும் நீக்கப் பார்த்தால் எதிர்த்திசையில் அதே பிழை திரும்பி வரும். ஒட்டிய காந்தத்தைப் பசையோடு விடாமல் பித்தளைப் பட்டியால் இறுக்குங்கள். கடலில் கழன்ற காந்தம் இல்லாததைவிட மோசம்.

கிழக்குக் கரைக்காரருக்கு இன்னொரு இலவசச் சோதனை உண்டு: கடலுக்கு மேல் சூரியன் உதிக்கும் பாகை. முல்லைத்தீவு அகலக்கோட்டில் மார்ச் 21 இலும் செப்ரெம்பர் 23 இலும் அது 90. தைப்பொங்கலில் 112, சித்திரைப் புத்தாண்டில் 80½, மே நடுவில் 71, ஜூன் 21 இல் 66, ஓகஸ்ட் கடைசியில் மறுபடி 80½, நவம்பர் தொடக்கத்தில் 104½, டிசம்பர் 22 இல் 114. இவை உண்மை வடக்கிலிருந்து எடுத்தவை. திசைகாட்டியில் 2 கூட்டிப் படியுங்கள். சூரியன் இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுவதால் ஐந்து நிமிடம் பிந்திப் பார்த்தாலும் கால் பாகை கூடப் பிழை வராது. வடக்குப் பக்கத்து நாடுகளில் இந்தச் சலுகை இல்லை. இரவில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு 9 பாகை மேலே, நீட்டிய கையின் ஒரு முட்டி உயரத்தில் நிற்கும். உண்மை வடக்கிலிருந்து ஒரு பாகைக்கு மேல் விலகாது. மாரி காலத்தில் அந்த உயரத்தில் முகில் மூடியே இருக்கும் என்பதால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றைப் பார்த்துப் பிடிப்பவர்களுக்கும், ஜி.பி.எஸ். வைத்திருப்பவர்களுக்கும் விலகல் அட்டை ஒன்றுதான். எட்டுத் திசைக்கும் 'போகவேண்டியது, பிடிக்கவேண்டியது' என்று இரு வரியாக எழுதி, பிளாஸ்ரிக்கால் மூடி, திசைகாட்டிக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டுங்கள். எடுத்த திகதியையும் அன்று பூட்டியிருந்த எஞ்சினின் குதிரைவலுவையும் அதிலேயே எழுத வேண்டும். எஞ்சின் மாறினால், புதிய விளக்கு அல்லது பற்றரிப் பெட்டி வந்தால், இரும்புச் சட்டம் ஏதாவது பூட்டினால் அந்த அட்டை செல்லாது. எட்டுத் திசையையும் திரும்ப எடுக்க வேண்டும்.